வம்மியடிப் பங்களாவின் வெள்ளைக் கோட்டு

நிந்தவூரில் ஷரிபுதீன் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பங்களா ஷரிபுதீன் என்றால் ஒருவர்தான். சம்மாந்துறைக்கும் மேற்கே, வயல்வெளி முடிந்து காடு தொடங்கும் இடத்தில் வம்மியடிக் குளம் இருக்கிறது. அந்தக் குளக்கட்டின் ஓரத்தில் அரசாங்கம் கட்டி வைத்திருந்த பங்களாவில் பதினான்கு வருஷம் கோக்கியாக, அதாவது சமையல்காரராக, இருந்தவர் அவர். குளம் பார்க்க வரும் இஞ்சினியர்மாரும் அவர்களுடைய சிநேகிதர்மாரும் வேட்டைத் துவக்கும் போத்தலுமாக வந்திறங்கி, இரண்டு நாள் மூன்று நாள் தங்கிப் போவார்கள். குளத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது வேறு கதை.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி பங்களாவின் பாதிக் கூரையைத் தூக்கி வயலில் போட்டது. அரசாங்கம் அதைத் திரும்பக் கட்டவில்லை. ஷரிபுதீன் ஊருக்கு வந்துவிட்டார். பங்களா போனாலும் பேர் போகவில்லை. அக்கரைப்பற்றிலிருந்து மருதமுனை வரைக்கும் நல்ல கலியாணமென்றால் சமையலுக்கு அவரைத்தான் தேடி வந்தார்கள். அவரும் சும்மா போய்ச் சமைத்துவிட்டு வருகிற ஆளில்லை. சட்டியை இறக்குவதற்குள் பத்துத் தரமாவது பங்களாப் புராணம் பாடிவிடுவார்.

"அங்க ஒரு புத்தகம் இரிக்கி. வந்த தொரமார் எல்லாரும் போகக்குள்ள அதுல எழுதி வெச்சிட்டுத்தான் போவாங்க. எல்லாம் இங்கிலீசு. எல்லாம் என்ட கையப் பத்தித்தான்" என்பார்.

அவருக்கு இங்கிலீசு ஓரெழுத்தும் தெரியாது. ஆனால் காலையில் புறப்படும்போது தொரமார் முதுகில் தட்டி, புத்தகத்தைக் காட்டி, பெருவிரலை உயர்த்திவிட்டுப் போனதை அவர் கண்ணால் கண்டவர். கண்டதை நம்பாமல் எதை நம்புவது?

எண்பத்தாறாம் ஆண்டு நடுவில் அவருடைய ஒரே மகள் ஸுல்பிகாவுக்கு ஒரு நல்ல இடம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை சாய்ந்தமருது. பேர் ஜவுபர், பள்ளிக்கூட வாத்தியார். மாப்பிள்ளையின் வாப்பா கலந்தர், பென்ஷன் எடுத்த தபால் அதிபர். ஒரு வரியை வாசித்தால் அந்த வரியின் அடியில் என்ன இருக்கிறது என்று புரட்டிப் பார்க்கிற மனிசன். எல்லாம் பேசி முடித்து, நிக்காஹ்வுக்கு நாள் பார்க்கிற நேரத்தில் ஊர் வாய் திறந்தது. தொரமார் வெடி வைத்துக் கொண்டுவந்தது மானும் மரையும் மட்டும்தானா என்று தேத்தண்ணிக் கடையில் யாரோ கேட்டான். கேட்டவனுக்கு வேறு வேலையில்லை. ஆனால் கேள்வி மட்டும் நடந்து நடந்து சாய்ந்தமருதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு கலந்தர் வந்தார். தேத்தண்ணியைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை.

"ஷரிபுதீன் காக்கா, மறைச்சுக் கதைக்க எனக்குத் தெரியா. நீங்க பங்களாவில பண்டி சமச்சயளாம் எண்டு கதையொண்டு இரிக்கி."

ஷரிபுதீன் பன்றியின் பேரைக்கூட வாயால் சொல்லாதவர். 'அது' என்றுதான் சொல்வார். 

"அல்லாஹ்ட காவல்! நான் அதத் தொட்டதுமில்ல மாஸ்டர், பாத்ததுமில்ல."

"நீங்க சொன்னா நான் நம்பலாம். ஆனா இந்த ஊட்டப் பாருங்க." கலந்தர் சுவரைப் பார்த்தார். "இது பங்களாச் சம்பளத்தில கட்டின ஊடு. மகளுக்கு எண்டு கட்டியிரிக்கீங்க. என்ட மகன் இதுக்குள்ளதான் வந்து குடியிருக்கப் போறான், இந்த அடுப்புச் சோத்தத்தான் தின்னப் போறான். சம்பளம் ஹறாமெண்டா ஊடு என்ன?"

இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து குடியேற வேண்டும். ஆகவே கலந்தர் கேட்டதில் நியாயம் இருந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற றாபியா, ஷரிபுதீனின் மனைவி, சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். உள்ளறையில் ஸுல்பிகாவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றது.

"எனக்குச் சாட்சி இரிக்கி" என்றார் ஷரிபுதீன். "செல்லத்தம்பி எண்டு பங்களாக் காவல்காரன். அதச் சமச்சதெல்லாம் அவன்தான். திருக்கோவில் ஆள்."

சொல்லும்போதே அவருக்குத் தெரியும், அது உதவாத சாட்சி. முந்தின வருஷத்துத் தமிழ், முஸ்லிம் சண்டைக்குப் பிறகு நிந்தவூரிலிருந்து யாரும் திருக்கோவிலுக்குப் போவதுமில்லை, அங்கிருந்து யாரும் வருவதுமில்லை. செல்லத்தம்பி உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. அப்போதுதான் அவருக்குப் புத்தகம் ஞாபகம் வந்தது. சூறாவளி அடித்த அன்று, பலகை பறக்கிற நேரத்தில், அந்தப் புத்தகத்தை மெழுகுத்துணியில் சுற்றி பிஸ்கட் டின்னில் போட்டுச் சுவர் அலுமாரிக்குள் பூட்டிவிட்டுத்தான் அவர் குளக்கட்டுக்கு ஓடினார். தன் உடுப்புப் பெட்டியை விட்டுவிட்டார். பிறகு ஒருநாள் போய் அதை எடுத்து வந்திருக்கலாம்தான். அரசாங்கச் சாமான் என்ற பயம்.

"அங்க வாங்க மாஸ்டர். உங்களுக்கு இங்கிலீசு தெரியும். புத்தகத்தில என்ன எழுதியிரிக்கி எண்டு நீங்களே வாசிங்க" என்றார். வாசித்தால் தீர்ந்தது என்று அவர் நினைத்தார்.

அடுத்த கிழமை, நெல்லுச் சூடடிப்புக்குப் போகிற ட்ரெக்டர் ஒன்றின் பெட்டியில் ஏறி இருவரும் போனார்கள். வம்மியடிச் சந்தியில் இறங்கி ஒரு கட்டை, ஒரு மைல் தூரம், நடந்தார்கள். ஷரிபுதீன் முன்னால் நடந்தார், கலந்தர் குடையை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்தார்.

பங்களா நின்றது. நின்றது என்று சொல்லலாம், அவ்வளவுதான். முன் விறாந்தையின் தூண்கள் நாலில் மூன்று இருந்தன. ஓடு முழுக்க உதிர்ந்து படிக்கட்டில் குவிந்து கிடந்தது. படுக்கையறைக்குள் நாயுருவி இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தது. கட்டில்களை யாரோ கொண்டு போய்விட்டார்கள், கதவுகளையும் யன்னல்களையும் கொண்டு போய்விட்டார்கள். குளிக்கிற தொட்டியை மட்டும் தூக்க முடியாமல் வாசல் வரைக்கும் இழுத்து வந்து விட்டுப் போயிருந்தார்கள். அதற்குள் மழைத்தண்ணீர் பச்சை பிடித்துக் கிடந்தது.

ஷரிபுதீனுக்கு அது ஒன்றும் தெரியவில்லை. "இதான் பெரிய தொரமார்ர அறை. இது சாப்பாட்டு மண்டபம். இந்த இடத்தில பெற்றோமெக்ஸ் விளக்கு தொங்கும்" என்று வீடு வாங்க வந்தவனுக்குக் காட்டுகிற மாதிரிக் காட்டிக்கொண்டே போனார். பின்பக்கம் குசினி தனிக் கட்டடம். குசினியிலிருந்து சாப்பாட்டு மண்டபத்தின் பின் கதவுக்குக் கூரை போட்ட ஒரு சார்ப்பு, மழையில் நனையாமல் சாப்பாடு கொண்டுவர. சார்ப்பை ஒட்டி ஒரு புளியமரம். புளியடியில் மூன்று கருங்கல் வைத்த அடுப்பு ஒன்று, கறுத்துப்போய், அசையாமல் இருந்தது.

"பாருங்க! அதுக்கு வேற அடுப்பு. வேற சட்டி. செல்லத்தம்பிட அடுப்பு இது" என்று ஷரிபுதீன் கிட்டத்தட்டக் கத்தினார்.

கலந்தர் அடுப்பைப் பார்த்தார். "ஓம். அடுப்பு இரிக்கி. ஆர் ஊதின எண்டு அடுப்பு சொல்லுமா?" என்றார்.

சுவர் அலுமாரியின் பூட்டு துருப்பிடித்து, கல்லால் ஒரு தட்டுத் தட்டியதும் கழன்று விழுந்தது. டின் இருந்தது. மெழுகுத்துணி இருந்தது. புத்தகத்தின் ஓரத்தைக் கறையான் தின்றிருந்தது, நடுப்பக்கம் நல்லாக இருந்தது. ஷரிபுதீன் அதைச் சாரத்தில் துடைத்து இரண்டு கையாலும் நீட்டினார். கலந்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குளிக்கும் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார்.

ஷரிபுதீன் அவருடைய முகத்தை வாசித்தார். அவருக்கு வாசிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். முதல் பக்கத்தில் அந்த முகம் சும்மா இருந்தது. இரண்டாம் பக்கத்தில் புருவம் சுருங்கியது. ஐந்தாம் பக்கத்துக்கு வரும்போது உதடு இறுகிவிட்டது. 

"என்ன மாஸ்டர்?"

"நான் அப்பிடியே சொல்றன், கேளுங்க." கலந்தர் விரலை வரியில் வைத்தார். "அறுபத்தொம்பது, ஆவணி. 'காட்டுப் பண்டி வறுவல் அபாரம். இப்படியொரு வறுவலைக் கொழும்பிலும் தின்றதில்லை. கோக்கி ஷரிபுக்கு நன்றி.' எழுபது, பங்குனி. 'பண்டி வறுவலுக்காகவே திரும்பி வருவோம். ஷரிபின் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம்.' எழுபத்தொண்டு. திரும்பவும் பண்டி. திரும்பவும் ஷரிப்." கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இதயா எனக்கு வாசிக்கக் காட்ட வேணும் எண்டு கூட்டி வந்தயள்?"

பதினான்கு வருஷம் பெருவிரலை உயர்த்தியது இதற்குத்தான். ஷரிபுதீன் புளியமரத்தைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், பார்க்க வேறு ஒன்றும் மிஞ்சவில்லை. மகளின் கலியாணத்தைத் தானே தோளில் தூக்கி வந்து இந்தக் காட்டுக்குள் இறக்கி வைத்துவிட்டோம் என்று அவருக்கு அழுகை வந்தது. அழாமல் சொன்னார்.

"அது கோட்டு மாஸ்டர்."

"என்ன கோட்டு?"

"கவுமென்டு வருஷத்துக்கு ரெண்டு வெள்ளைக் கோட்டுத் தரும். கோட்டுப் போட்டவன்தான் மேசைக்கு வரலாம். அதச் சமைக்க ஏலா எண்டு சொன்னா அண்டைக்கே என்ன அனுப்பிப் போடுவாங்க. ஊட்டுக்கு அத்திவாரம் போட்ட நேரம் அது. ஒரு கோட்ட நான் செல்லத்தம்பிக்குக் குடுத்தன். அவன் சமச்சு, அவனே கோட்டப் போட்டுக்கிட்டு மேசைக்குக் கொண்டு போவான். போத்தல் பாதி இறங்கின கண்ணுக்குக் கோட்டுத்தான் தெரியும், உள்ள நிக்கிறவன் தெரிவானா? விடிஞ்சா அவங்க என்னக் கூப்பிட்டு, குட் ஷரிப், குட் எண்டுவாங்க. நான்..."

"நீங்க?"

"நான் தேங்க்யூ சேர் எண்டு சொல்லுவன்."

 நம்பினாரா இல்லையா என்று கலந்தரின் முகத்தில் எழுதியிருக்கவில்லை. அவர் திரும்பவும் புத்தகத்தைப் புரட்டினார். தபால் கந்தோரில் முப்பது வருஷம் இருந்தவர், பாதியில் மூடிவைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"சூப்பு ஆரு வெச்ச?" என்று திடீரென்று கேட்டார்.

"சூப்பு நான்தான். கோழி சூப்பு. ஏன்?"

"ஆறிப் போனதாம்."

ஷரிபுதீனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவ்வளவு நேரம் குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. "ஆரு சொன்ன? கொதிக்கக் கொதிக்க இறக்கினன்!"

"அறுபத்தொம்பது ஆவணி, அதே ஆள்தான், அடியில எழுதியிரிக்கான், 'சூப்பு ஆறிவிட்டது.' எழுபது பங்குனி, 'சூப்பைப் பற்றிப் பேசாமல் விடுவது நல்லது.' எழுபத்திரண்டில ஒருத்தன், 'சூப்பு ஏன் முன்வாசலால் வருகிறது என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள்' எண்டு எழுதியிரிக்கான். அதுக்குக் கீழ வேற கையெழுத்து, 'கேட்டேன். சிரிக்கிறான், சொல்லமாட்டேன் என்கிறான்.'" கலந்தர் புத்தகத்தை மடியில் வைத்தார். "நான் கேக்கிறன். ஏன் முன்வாசலால கொண்டு போன நீங்க? குசினிக்கும் மண்டபத்துக்கும் இந்தச் சார்ப்பு இரிக்கே."

"அவன்ட அடுப்பு சார்ப்போட கிடக்கே மாஸ்டர். வறுவல் சுடச்சுட மேசைக்கு வரவேணும் எண்டு தொரமார்தான் அடுப்ப அதில வைக்கச் சொன்னது. அதுர கொழுப்புத் தெறிக்கும், புகை வரும். ஒரு துளி என்ட சூப்பில விழுந்தா? என்ட உடுப்பில பட்டா ஏழு தரம் கழுவ வேணும், ஒரு தரம் மண்ணும் போட்டு. அதான் அது வாற நாளையில நான் சார்ப்பால போறல்ல. இப்பிடி இறங்கி, குளக்கட்டால ஏறி, முன் விறாந்தையால உள்ளுக்கு வருவன்."

"நடந்து காட்டுங்க."

ஐம்பத்தெட்டு வயதில், கையில் ஒன்றுமில்லாமல், இரண்டு கையையும் கோப்பை ஏந்துகிற மாதிரி வைத்துக்கொண்டு ஷரிபுதீன் நடந்தார். கை தானாக அப்படி வந்துவிட்டது. குசினி வாசலால் இறங்கி, புளியடியைத் தூரத்தில் விட்டு, காரைப்பற்றைக்குள் சாரம் மாட்டிக் கிழிய, குளக்கட்டில் ஏறி, ஓட்டுக் குவியலைத் தாண்டி முன் விறாந்தைக்கு வந்தார். கலந்தர் பின்னாலேயே எண்ணிக்கொண்டு வந்தார். சார்ப்பால் போனால் இருபத்தாறு காலடி. சுற்றி வந்தால் இருநூற்றுப் பதினொன்று. அதுவும் குளத்துக் காற்றுக்கு முகம் கொடுத்து.

கலந்தர் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பவும் தொட்டி விளிம்பில் குந்தினார். புத்தகத்தை எடுத்து இந்த முறை வேறு மாதிரி வாசித்தார். பண்டி என்ற சொல் வரும் பக்கத்தில் ஒரு விரலை வைத்து, சூப்பு என்ற சொல்லைத் தேடினார். பண்டி இருக்கும் பக்கத்தில் சூப்பு ஆறியிருந்தது. மீனும் கோழியும் மட்டும் இருந்த பக்கங்களில் சாப்பாடு நல்லது, படுக்கை நல்லது, நுளம்பு அதிகம் என்று இருந்ததே தவிர சூப்பைப் பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை. கடைசிப் பக்கம் வரைக்கும் அப்படித்தான். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"காக்கா, புகழெல்லாம் உங்களக் கவுத்துப் போட்டிரிக்கும். இந்த ஆறின சூப்புத்தான் உங்களக் காப்பாத்தின. ஊடு ஹலால்தான். ஸுல்பிகா எங்கட புள்ள."

ஷரிபுதீன் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். பிறகு, சொல்லக்கூடாது என்று தெரிந்தும், கேட்டார்.

"மாஸ்டர், சாப்பாட்டுக்குப் பிறகு நான் குடுக்கிற இனிப்பு, வட்டிலப்பத்தப் பத்தி ஒண்டும் எழுதல்லியா?"

கலந்தர் புரட்டிப் பார்க்காமலே பதில் சொன்னார். "இல்ல காக்கா. பதினாலு வருஷத்தில ஒருத்தனும் எழுதல்ல." பிறகு எழும்பி, "நான் நம்பிட்டன். ஆனா கதை ஊர்ல கிடக்கு. ஊருக்கு நீங்கதான் சொல்ல வேணும்" என்றார்.

அடுத்த வெள்ளி, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்காயர்மார் இருக்கும்போது ஷரிபுதீன் எழுந்து சொன்னார். கோட்டைச் சொன்னார், தேங்க்யூவைச் சொன்னார், சூப்பையும் சொன்னார். மானக்கேடான கதையை எவனும் தன் தலையில் தானே கட்டிக்கொள்ள மாட்டான் என்பதால் எல்லாரும் நம்பினார்கள். தேத்தண்ணிக் கடைக் கதை அன்றோடு செத்தது. நிக்காஹ் நடந்தது, ஜவுபர் பெட்டியோடு வந்து குடியேறினான், றாபியா நாலு மாதத்துக்குப் பிறகு முதல் தரமாக வயிறு நிறையச் சாப்பிட்டாள். ஆனால் பட்டப்பேர் வைப்பதில் நிந்தவூர் கெட்டிக்கார ஊர். அதற்குப் பிறகு பங்களா ஷரிபுதீன் என்று யாரும் சொல்லவில்லை. சூப்புக் காக்கா என்றார்கள். கலியாணச் சமையலுக்குக் கூப்பிட வருகிறவர்களும் வரவர விலகினார்கள். வந்த ஒன்றிரண்டு பேரும் கேட்பதற்கு முன்னால் வாயை மூடிச் சிரித்தார்கள். அவர் அதைப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமலிருந்தது வேறு ஒன்று.

எண்பத்தேழு நடுவில் இந்தியாவோடு ஒப்பந்தம் வந்து, வருஷக் கடைசியில் பஸ் திரும்பவும் தெற்கே ஓடத் தொடங்கியது. றாபியா எவ்வளவோ தடுத்தும் கேளாமல் ஷரிபுதீன், அன்று பங்களாவிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பிஸ்கட் டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு திருக்கோவிலுக்குப் போனார். அரசாங்கச் சாமானைத் தொடப் பயந்தவர், இந்த முறை பயப்படவில்லை. கோயில் தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார். செல்லத்தம்பி இருந்தான். தலை முழுக்க நரைத்து, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, படலைக்குள் நின்று பார்த்தான்.

"காக்காவா? உசிரோட இரிக்கீங்களா?"

"நீ இரிக்கியே, நானும் இரிக்கன்."

உள்ளே பாயில் இருந்ததும் ஷரிபுதீன் டின்னைத் திறந்து புத்தகத்தை அவன் முன்னால் வைத்தார். அவனுக்கும் இங்கிலீசு தெரியாது. ஆகவே கலந்தர் வாசித்ததை ஒரு சொல் விடாமல் பாடமாகச் சொன்னார். வீட்டில் ஆளில்லாத நேரங்களில் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார். அபாரம். கொழும்பிலும் தின்றதில்லை. திரும்பி வருவோம். கைக்குத் தங்கக் காப்பு. ஒவ்வொன்றிலும் ஷரிப் என்று வந்த இடத்தில் செல்லத்தம்பி என்று மாற்றிச் சொன்னார்.

"இதெல்லாம் உன்டது. பதினாலு வருஷம் நான் தின்னாத இறைச்சிக்கு நான் தேங்க்யூ சொல்லியிரிக்கன். நீ என்ன மன்னிக்க வேணும்."

செல்லத்தம்பி புத்தகத்தைத் தொடவில்லை. தலையை ஆட்டினான்.

"அது எனக்குத் தெரியாதா காக்கா? காலயில புளியடியில சட்டி கழுவிக்கிட்டுத்தானே இருந்தன். ஒவ்வொரு நாளும் கேட்டன்."

 அவன் ஒருநாளாவது சொல்லிக் காட்டியிருந்தால், ஒருநாளாவது முகத்தைத் திருப்பியிருந்தால் எவ்வளவோ இலேசாக இருந்திருக்கும். அவன் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த தடவையும் கோட்டைப் போட்டுக்கொண்டு மேசைக்குப் போனான். ஷரிபுதீன் அவனைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்லத்தம்பியின் மகள் ஒரு கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

"கோப்பை புதிசு, தேத்தண்ணியும் வெறும் தேத்தண்ணிதான்" என்றான் செல்லத்தம்பி. "ஆறப் போகுது. குடிங்க காக்கா."